வாசிக்கத் தெரிந்தவர், வாசிக்கத் தெரியாதவர்: 47 வயதில் ஸ்டாஃப் நொட்டேஷன்

தமிழில் வாத்தியத்தை வாசிப்பதும் வாசிப்புதான், எழுத்தை வாசிப்பதும் வாசிப்புதான். இந்த ஆய்வில் வருகிறவர் முதல் வாசிப்பில் கெட்டிக்காரர். இரண்டாவது சுத்தமாக வராது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக, இனி வாத்தியம் என்றால் ‘வாசிப்பது’, தாள் என்றால் ‘படிப்பது’ என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைப் படிக்க ஒன்பது மாதம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

வந்தபோது

வயது 47. தொழில் கணக்குத் தணிக்கை. 20 வருடத்துக்கு மேல் கீபோர்ட் வாசிக்கிறார், எல்லாம் காது வழிதான். ஒரு மெட்டை இரண்டு தடவை கேட்டால் வலது கை பிடித்துக்கொள்ளும். மூன்றாவது தடவை இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தானாக வந்து உட்கார்ந்துவிடும். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவில் இருக்கிறார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் எல்லாவற்றையும் ஐந்து கோட்டில் எழுதிக்கொண்டு வருகிறவர். ஒத்திகையில் ஆளுக்கொரு தாளைக் கையில் கொடுத்துவிடுவார்.

இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “வேகம் எப்படின்னு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன்” என்பார். அவரும் காட்டுவார். அது போதும். தாளை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் புரட்டும்போது தானும் புரட்டி, ஒரு வருடம் ஓட்டிவிட்டார். ஒருநாள் எழுதியவர் வரவில்லை, தாள் மட்டும் வந்தது. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அடுத்த வாரம் என்னிடம் வந்தார்.

இதற்கு முன்னால் இரண்டு முறை தானே படிக்க முயன்று விட்டிருக்கிறார். குழந்தைகளுக்கான ஒரு ஆரம்பப் புத்தகம் பையில் இருந்தது. பெரிய பெரிய நோட்டுகள் (சுரத்தைக் குறிக்கும் புள்ளிகள்), பக்கத்துக்கு ஒரு யானைப் படம். அட்டையை உட்பக்கமாக மடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு நோட்டின் தலையிலும் பென்சிலால் சி, டி, ஈ என்று அதன் மேற்கத்திய சுர எழுத்து.

“எட்டு வயசுப் பசங்க படிக்குதுங்க டீச்சர், எனக்கு ஏறல.”

முதல் வாரம் செய்த இரண்டு சோதனைகள்

முதல் சோதனை சாதாரணமானது. அவர் கேட்டிருக்கவே முடியாத எட்டு பார் (தாளக் கட்டம்), நானே எழுதியது, வலது கை மட்டும். பாருக்கு நான்கு தட்டு, நிமிடத்துக்கு 60 என்று வாசித்தால் 32 விநாடியில் முடிந்துவிடும். அவருக்கு மூன்றரை நிமிடம் ஆனது. ஆள்காட்டி விரலைத் தாளில் வைத்து, அடிக்கோட்டிலிருந்து “எவ்ரி, குட், பாய்...” என்று ஏறிப்போனார். அதுதான் கோடுகளுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பாடு: ஈ, ஜி, பி, டி, எஃப். நான்காவது கோட்டு நோட்டுக்கு ஒவ்வொரு முறையும் நான்கு படி ஏறினார். ஒரே நோட் அடுத்தடுத்து இரண்டு முறை வந்த இடத்தில்கூட, இரண்டாவதற்கும் கீழிருந்தே எண்ணினார். அதை எழுதி வைத்துக்கொண்டேன். அது ஞாபகக் குறைவு இல்லை. தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு புள்ளிகளுக்கு ஒரு உறவு இருக்கிறது என்பதே அவர் கண்ணில் படவில்லை.

இரண்டாவது சோதனையில் கொஞ்சம் கள்ளத்தனம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு சின்ன மெட்டை எழுதி, ஆறாவது பாரில் ஒரே ஒரு நோட்டை மாற்றினேன். அடிக்கோட்டில் இருக்கவேண்டிய ஈயை அதற்கு மேல் இடைவெளியில் எஃப் ஆக்கினேன். “தெரிஞ்ச மெட்டுதான், தாளைப் பார்த்து வாசிங்க” என்றேன். இந்தத் தடவை திணறல் எதுவும் இல்லை. ஆறாவது பாரில் ஈ வாசித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஈ. மூன்றாவது முறையும் ஈ.

“அந்த இடத்துல என்ன எழுதியிருக்கு சார்?”

விரல் வைத்து எண்ணினார். “எஃப். அட, எஃப்பு!” சிரித்துக்கொண்டே திரும்ப வாசித்தார். கை ஈக்குத்தான் போயிற்று.

அவர் மெதுவாகப் படிக்கிறவர் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுந்தபோது அவர் படிக்கவே இல்லை என்று தெரிந்தது. தெரியாத மெட்டில் எழுத்துக்கூட்டுகிறார்; தெரிந்த மெட்டில் தாளை விட்டுவிட்டு ஞாபகத்துக்குப் போய்விடுகிறார். நடுவில் ‘படிப்பது’ என்று எதுவும் நடக்கவில்லை. எழுத்துக்கூட்டுவதுகூட ஒரு நோட்டுக்கு நான்கு வேலை: கோட்டை எண்ணி எழுத்தைக் கண்டுபிடிப்பது, எழுத்தைச் சுரமாக்குவது (சி என்றால் ச, ஜி என்றால் ப), சுரத்துக்குக் கட்டை தேடுவது, பிறகு அழுத்துவது. இதற்குள் போன நோட் எவ்வளவு நீளம் பிடிக்கவேண்டும் என்பது மறந்துபோகும்.

பெரியவர்களுக்கு இது ஏன் கஷ்டம் என்று கேட்டால் வயது, மூளை என்று பதில் வரும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேட்டவுடன் எந்தச் சுருதி என்று பெயர் சொல்லும் திறன் சின்ன வயதிலேயே பிடிபட்டால்தான் பெரும்பாலும் உண்டு, அது உண்மை. படிப்பது அந்த வகையில் சேர்ந்தது இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய வசதி, அதற்கு வேறு எதுவும் தெரியாது என்பதுதான். கை வாசிப்பதும் கண் படிப்பதும் ஒரே உயரத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து வளரும். இவருக்குக் கை பத்தாவது மாடியில், கண் தரைத்தளத்தில். எதைக் கொடுத்தாலும் ஒன்று கண்ணுக்கு மேலே இருக்கும், இல்லை காதுக்குச் சலிப்பாக இருக்கும். சலித்த காது தானே வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிடும்.

எழுத்தை அழித்தது

முதல் வேலை, பென்சில் எழுத்துகளை அழிப்பது. அவருக்குப் பிடிக்கவில்லை. “அது இல்லேன்னா ஒண்ணும் ஓடாது” என்றார். அது இருந்தால் கண் எழுத்தை மட்டும்தான் பார்க்கும், ஐந்து கோடு வெறும் பின்னணி அலங்காரமாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பேரம் பேசினோம்: ஒரு வரிக்கு ஒரு எழுத்து, அதுவும் அவர் விரும்பும் இடத்தில்.

‘எவ்ரி குட் பாய்’ வாய்ப்பாட்டையும் நிறுத்தினேன். அதன் இடத்தில் மூன்று மைல்கற்கள் மட்டும். வலது கை வரியின் தொடக்கத்தில் வரும் ட்ரெபிள் கிளெஃப் என்ற குறி, சுருண்டுபோன ஜி எழுத்துதான். அது இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொண்டு ‘இதுதான் ஜி’ என்கிறது. இடது கை வரியில் வரும் பேஸ் கிளெஃப் ஒரு பழைய எஃப். அதன் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஓடும் நான்காவது கோடு எஃப். மூன்றாவது மிடில் சி: ட்ரெபிளுக்குக் கீழே ஒரு குட்டிக்கோடு, பேஸுக்கு மேலே ஒரு குட்டிக்கோடு, இரண்டும் ஒரே கட்டை. இத்தனை நாள் தாளின் ஓரத்தில் பார்த்த அந்தச் சுருளுக்கு அர்த்தம் உண்டு என்பது அவருக்குப் புதுச் செய்தி. “இது அலங்காரம்னு நெனச்சேன் டீச்சர்.”

மைல்கல்லிலிருந்து மற்றதெல்லாம் தூரம். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் ஒரு படி, பக்கத்துக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு என்றால் ஒன்றைத் தாண்டு. தொடங்கும் கட்டையையும் சேர்த்து எண்ணினால், கோடும் கோடும் என்றால் மூன்று, ஐந்து, ஏழு. கோடும் இடைவெளியும் என்றால் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பெயரை வாயிலும் சொல்லக்கூடாது, மனசிலும் சொல்லக்கூடாது. புள்ளி மேலே போகிறதா, கீழே போகிறதா, எவ்வளவு தூரம்? கை அந்தத் தூரம் போகட்டும்.

இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு கதையும் சொன்னேன், வெட்கம் கொஞ்சம் இறங்கட்டும் என்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் இருந்த துறவி குய்தோ. தேவாலயப் பாடகர்கள் எல்லாப் பாட்டையும் காது வழியாகவே கற்றுக்கொண்ட காலம் அது. பத்து வருடம் பாடியும் அரைகுறையாகத்தான் வருகிறது என்று சலித்துப்போய், கோடுகளை மூன்று சுரத் தூரத்தில் வைத்து எழுதும் முறையைப் பரப்பினார். எஃப் கோட்டுக்குச் சிவப்பு, சி கோட்டுக்கு மஞ்சள். ஒன்றிரண்டு வருடத்தில் பாடகர் தேறிவிடுவார் என்று கடிதமே எழுதினார். வண்ணக் கோடும் மைல்கல்தானே? இந்த எழுத்தே உங்களை மாதிரி ஆட்களுக்காக வந்ததுதான் என்றேன். “பத்து வருஷமா? நான் இருபது” என்றார்.

தினம் 12 நிமிடம். இதில் நான் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்பது வேலைக்குப் போகிறவர்களின் வழக்கமான திட்டம், அது நடக்காது. ஒரே நேரத்தைப் பிரித்து நாள்களில் பரப்பினால் நிற்கும் என்று ஞாபகத்தை ஆராய்ந்த எபிங்ஹவுஸ் 1885-இலேயே எழுதிவிட்டார்.

அப்புறம் ஒரு விதி: எந்தத் தாளையும் இரண்டு தடவைக்கு மேல் வாசிக்கக்கூடாது. மூன்றாவது தடவை அவர் காது அதை மனப்பாடம் செய்துவிடும், பிறகு அந்தத் தாளால் பிரயோஜனம் இல்லை. இதனால் தண்டனை எனக்கு. ஏதாவது புத்தகத்தில் இருக்கும் பயிற்சிகளை இரண்டு வாரத்தில் தின்றுவிடுவார். இரவு தினம் உட்கார்ந்து நாலு பார், எட்டு பார் என்று கையால் எழுத ஆரம்பித்தேன். மெட்டு அழகாக இருந்தால் அவர் ஊகித்துவிடுவார் என்பதால், வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுதுவேன். என் வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான மெட்டுகளை நான் எழுதியதில்லை.

கண்ணாடி

இரண்டாவது மாதம் முன்னேற்றம் நின்றது. தூரம் பிடிபட்டுவிட்டது, ஆனால் தப்பு விநோதமாக வந்தது: எப்போதும் ஒரே ஒரு படி. கோட்டில் இருப்பதை இடைவெளியில் என்று எடுப்பார், இடைவெளியை மேல்கோடு என்பார். மூன்று வாரம் இதற்குப் பயிற்சி மேல் பயிற்சியாகக் கொடுத்தேன். அவர் அலுத்துப்போனார். நானும்தான். ‘இவருக்கு இவ்வளவுதான் வரும் போல’ என்று என் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் வாசிக்கும்போது தாளை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். மோவாய் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது, கோழி தண்ணீர் குடிப்பது போல. போட்டிருந்தது புரோகிரஸிவ் கண்ணாடி. மேல்பாதி தூரத்துக்கு, அடிப்பாகம் கையில் பிடித்துப் படிக்கும் தூரத்துக்கு, சுமார் 40 செ.மீ. கீபோர்டின் ஸ்டாண்ட் இருந்தது 70 செ.மீ. தள்ளி. அந்தத் தூரத்துக்கு அந்தக் கண்ணாடியில் நடுவே ஒரு ஒடுங்கிய பட்டை மட்டும்தான். அதைத் தேடித்தான் மோவாய் ஏறி இறங்கியது. சாதாரண அச்சில் ஐந்து கோடும் சேர்ந்து 7 மி.மீ. உயரம்தான் இருக்கும். அப்படியானால் ஒரு படி என்பது தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கோட்டின் மேல் இருக்கிறதா, கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான்.

தாளைப் பெரிதாக்கி நகலெடுத்தோம். அன்றைக்கே பாதித் தப்பு போய்விட்டது. அடுத்த வாரம் ஸ்டாண்ட் இருக்கும் தூரத்தை டேப் வைத்து அளந்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

“ரெண்டு மாசமா என் மூளையத் திட்டிக்கிட்டு இருந்தேன் டீச்சர்.”

நான் திட்டியதை அவரிடம் சொல்லவில்லை. 40 தாண்டியவர் யார் வந்தாலும் இப்போது முதல் நாளே கண்ணாடியைத்தான் கேட்கிறேன்.

நிற்காமல் போவது

தணிக்கை செய்கிறவருக்குத் தப்பைத் தாண்டிப் போவது என்பது ஒழுக்கக்கேடு மாதிரி. ஒரு நோட் தவறினால் நின்று, திரும்பி, திருத்தி, அப்புறம்தான் அடுத்தது. எட்டு பாரில் பதினோரு முறை திரும்பினார், ஒருநாள் எண்ணினேன். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது இது நடக்காது. குழு உங்களுக்காக நிற்காது. தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40-இல் வைத்தேன். ‘நோட் தவறலாம், தட்டு தவறக்கூடாது. விட்டது விட்டதுதான்’ என்றேன். அந்த வாரம்தான் அவர் வகுப்பை விட்டுவிடலாமா என்று யோசித்ததாகப் பின்னால் சொன்னார். “தப்புன்னு தெரிஞ்சும் தாண்டிப் போறது, பல்லக் கடிச்சுக்கிட்டு...”

தாளம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புள்ளி வைத்த நோட், கட்டிவைத்த நோட், மௌனக் குறி எல்லாம் கைதட்டிச் சொல்லிக்கொடுத்ததில் மூன்று வாரத்தில் வந்துவிட்டது. காதில் இருந்ததற்குத்தானே பெயர் வைக்கிறோம்.

கண்ணை முன்னால் ஓட்டுவதுதான் கஷ்டம். அவர் அழுத்திக்கொண்டிருக்கும் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், அது ஓடிவிடும் என்பது போல. இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1974-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு: வாசித்துக்கொண்டிருக்கும்போதே தாளை மறைத்துவிட்டால் எத்தனை நோட் வரை தொடரமுடிகிறது என்று பார்த்தார். நன்றாகப் படிப்பவர்கள் ஏழு நோட் வரை போனார்கள், சுமாரானவர்கள் மூன்று நான்கில் நின்றார்கள். நான் ஒரு அட்டையை எடுத்து, அவர் வாசிக்கும் பாரையே மூடிக்கொண்டு வந்தேன். வேறு வழியில்லாமல் கண் அடுத்த பாருக்கு ஓடும். முதல் நாள் கோபம் வந்துவிட்டது அவருக்கு. “பரீட்சையில பேப்பரப் பிடுங்குற மாதிரி இருக்கு.” ஆனால் வேலை செய்தது. ஆரம்பத்தில் இவருக்கு ஒரு நோட்தான். ஐந்தாவது மாதம் ஒரு பார் முழுக்க முன்னால் போனார்.

“ஆனா ஒவ்வொரு நோட்டையும் சரிபார்க்காம எப்படி டீச்சர்? ஒண்ணு மாறியிருந்தா?” என்று கேட்டார். தணிக்கைக்காரர் கேள்வி. அதற்குப் பதிலாக போரிஸ் கோல்டோவ்ஸ்கி கதையைச் சொன்னேன். பியானோ ஆசிரியர் அவர். அவ்வளவாகப் படிக்க வராத ஒரு மாணவி பிராம்ஸ் என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 76 தொகுப்பில் இரண்டாவதாக வரும் கப்ரீச்சியோ என்ற பியானோ இசையை வாசிக்கிறார். ஒரு நோட் தவறு. திருத்தச் சொன்னால், தாளில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார் மாணவி. போய்ப் பார்த்தால் அச்சுப்பிழை! எத்தனையோ தேர்ந்தவர்கள் வாசித்த தாள், யார் கண்ணிலும் படவில்லை. பிறகு நன்றாகப் படிக்கிறவர்களைக் கூப்பிட்டு, இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று சொல்லி வாசிக்க விட்டாராம். அவர்களாலும் முடியவில்லை, எல்லாருடைய கையும் சரியான நோட்டுக்கே போயிற்று. அங்கே என்ன வரமுடியும் என்று அவர்களுக்குத் தெரியும். கண் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து ஆமோதித்துவிட்டுப் போய்விடும்.

அவர் யோசித்தார். “அப்ப முதல் வாரம் நான் எஃப்ப ஈன்னு வாசிச்சேனே, அதுவும் இதுதானே?”

இல்லை என்றேன். அவர்கள் தாளைப் படித்ததால் ஏமாந்தார்கள், நீங்கள் தாளைப் படிக்காததால். சொல்லிவிட்டேனே தவிர, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது எனக்கே உறுத்தியது.

ச-வை அவிழ்த்தது

இது என் தவறு பற்றியது. முதல் மாதமே, சுரம் சொல்லக்கூடாது என்று தடை போட்டிருந்தேன். காரணம் இருந்தது. கீபோர்டில் முதலில் கற்றுக்கொண்டபோது சி கட்டைதான் ச என்று பழகி, அந்த ச-வை அங்கேயே ஆணி அடித்து வைத்திருந்தார். சி மேஜரில் (சி-யில் தொடங்கும் வரிசையில்) இருக்கும்வரை அது ஒத்துவரும். ஜி மேஜருக்கு வந்ததும் உடைந்தது. அங்கே எஃப் எல்லாம் ஷார்ப், அதாவது அரைப்படி மேலே. ஆனால் அந்த ஷார்ப்பை ஒவ்வொரு நோட்டிலும் எழுதமாட்டார்கள், வரியின் தொடக்கத்தில் ஒருமுறைதான்; அதற்குப் பெயர் கீ சிக்னேச்சர். வரி தொடங்கும்போது ஞாபகம் இருக்கும். மூன்றாவது பாரில் போய்விடும். எஃப்பைச் சாதாரணமாக வாசிப்பார், காது கூசும், கையைத் திருத்துவார், தட்டு போய்விடும்.

ஒரு மாதம் எல்லாம் செய்து பார்த்தேன். சிவப்பில் வட்டம் போடுவது, வாசிக்கும் முன் எஃப்களை எண்ணச் சொல்வது. கேலியாகக்கூட இருந்தது: எண்ணும்போது சரியாகச் சொல்லுவார், வாசிக்கும்போது விட்டுவிடுவார்.

ஒருநாள் அவரே மெதுவாகக் கேட்டார்: “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஜி-யை ச-ன்னு வச்சுக்கலாமா?”

வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஜி ச. ஏ ரி. பி க. அப்படியே ஏறி, எஃப் ஷார்ப் நி. “சங்கராபரணம். காகலி நி. ச-வுக்கு ஒட்டி அரைப்படி கீழே. இதை யாராவது அதுக்கும் கீழ இருக்குற கைசிகியா வாசிப்பாங்களா?” என்றார். அன்றைக்கு ஒரு எஃப்பும் தவறவில்லை. கீ சிக்னேச்சர் அவருக்கு ‘மறக்கக்கூடாத ஒரு சட்டம்’ ஆக இருந்தவரை மறந்தார். ச எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி ஆனதும், மறக்க என்ன இருக்கிறது? டி மேஜர் இரண்டு நாளில் வந்தது. எஃப் மேஜரின் பி ஃப்ளாட் (அரைப்படி கீழே இறக்கிய பி), சுத்த ம. அதற்கு ஒரு வகுப்புகூட ஆகவில்லை.

நான் தடை செய்தது சுரத்தை. நான் செய்திருக்கவேண்டியது ஆணியைப் பிடுங்குவது. அவர் காதிலும் கையிலும் 20 வருடமாக இருந்ததை எல்லாம் எதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன், காது மறைக்கிறது, காது ஏமாற்றுகிறது என்று. படிக்கும்போது ‘அடுத்து என்ன வரும்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஆளை வாயை மூடு என்று சொல்லி ஐந்து மாதம் மூலையில் உட்கார வைத்தவள் நான்.

குழுவில்

ஏழாவது மாதம் ஒத்திகையில் இரண்டாவது கீபோர்ட் பாகத்தை முதல் பார்வையில் வாசித்தார். நானும் போயிருந்தேன், கடைசி நாற்காலியில். “வேகம் எப்படி” என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டதைப் பார்த்தேன். முதல் பக்கம் ஓடியது. புரட்டும்போது தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. தொலைந்தார். கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டித் தட்டை எண்ணிக்கொண்டே இருந்தார். நான்கு பார் கழித்துச் சரியான இடத்தில் ஏறிக்கொண்டார். அவர் வாசித்த எல்லாவற்றையும்விட அந்த நான்கு பார் மௌனம்தான் எனக்கு முக்கியம். தாளில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தவரால்தான் அப்படித் திரும்ப ஏறமுடியும்.

மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாள் ஒட்டிக்கொள்வது எல்லாருக்கும் நடப்பதுதான்.

வேகம் இன்னும் குறைவு. இரண்டு கையிலும் கார்டு நெருக்கமாக வந்தால் திணறுகிறார். பேஸில் லெட்ஜர் கோடுகள் (அந்தக் குட்டிக்கோடுகள்) இரண்டுக்கு மேல் போனால் பழைய விரல் எண்ணிக்கை திரும்பி வருகிறது. இது பிறவித் திறமையா, பயிற்சியா என்று ஒருமுறை கேட்டார். 57 பியானோ கலைஞர்களை வைத்து 2010-இல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னேன்: ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கைப் பயிற்சி விளக்கிவிடுகிறது, ஒரு சின்னப் பங்கு மனசில் ஒரே நேரத்தில் எவ்வளவு பிடித்துவைக்கமுடியும் என்பதில் இருக்கிறது. “மீதி?” என்றார். மீதியில் உங்கள் கண்ணாடியும் இருக்கலாம் என்றேன்.

தவறாக எழுதிய தாள்

ஒன்பதாவது மாதம். ஜி மேஜரில் எட்டு பார், இரண்டு கையும். இடது கை ஒரே அச்சு: ஜி, பி, டி, பி என்று பிரித்த கார்டு. பேஸில் முதல் கோடு, இரண்டாவது கோடு, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. இரவு 11 மணிக்கு எழுதியது. காலையில் அவர் இரண்டு தடவை வாசித்தார், நிமிடத்துக்கு 60, நிற்கவில்லை. நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். இன்னும் ஒவ்வொரு நோட்டாகப் படிப்பவள். வேறு தாள் கையில் இல்லாததால் அதையே கொடுத்தேன். ஆறாவது பாரில் ஒரு கர்ணகடூரமான சத்தம்.

“இது சரியா மிஸ்?”

போய்ப் பார்த்தேன். பி இருக்கவேண்டிய இடத்தில் என் பேனா ஒரு மில்லிமீட்டர் மேலே போயிருந்தது. இரண்டாவது இடைவெளியில் தெளிவாக ஒரு சி. அவள் எழுதியிருந்ததை வாசித்தாள். காலையில் இரண்டு தடவை கேட்டும் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டு தடவையும் அவர் பி-தான் வாசித்தார்.

அடுத்த வகுப்பில் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்து ஆறாவது பாரைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“சி போட்டிருக்கீங்க.”

“ஆமா. நீங்க பி வாசிச்சீங்க.”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப முதல் வாரம் மாதிரியேதானா? பாக்காமத்தான் வாசிச்சேனா?”

“அந்த மெட்ட அதுக்கு முன்னால நீங்க கேட்டிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப பி எங்கேருந்து வந்துச்சு?”

பதில் சொல்லவில்லை. இடது கையைக் கட்டை மேல் வைத்து அழுத்தாமல் ஜி, பி, டி, பி என்று விரலை மட்டும் ஆட்டிப் பார்த்தார். நான் அன்றைய தாளை எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். மெட்ரோனோமை 66-க்கு ஏற்றினேன்.

“இதுல எங்கயாவது தப்பு வச்சிருக்கீங்களா டீச்சர்?”

“எனக்குத் தெரியாது சார். வாசிங்க.”